நாகுவின் வலது செவி

1

மலாயா வாழ்க்கையைப் பற்றி ஏதாவது எழுதி அனுப்புங்கள் என்று நம் ஊர்ப் பத்திரிகைக்காரர் ஒரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். ரப்பர் மரத்தில் பால் எடுப்பது எப்படி, இங்கே மழை எப்போது பெய்யும், சீனர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்பதையெல்லாம் ஊரில் ஆவலாகப் படிப்பார்களாம். எழுதலாம் என்றுதான் நானும் இருந்தேன்.

போன வாரம் நாகர்கோவில் வடசேரியிலிருந்து என் மைத்துனன் கடிதம் போட்டிருந்தான். நம் தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்துவிட்டன, தெருவில் வெடி போட்டார்கள், மிட்டாய் கொடுத்தார்கள், இனி நாம் கன்னியாகுமரி ஜில்லாக்காரர்கள் என்று நாலு பக்கத்துக்குச் சந்தோஷப்பட்டிருந்தான். அதை இங்கே ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவின் பெஞ்சில் உட்கார்ந்து படித்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் என் மகள் நாகம்மையின் வலது செவியை டாக்டர் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்குப் பத்து வயது. இடது செவி ஐந்து வயதிலேயே போய்விட்டது. மிச்சம் இருந்தது இந்த ஒன்றுதான்.

ஆகவே ரப்பர் மரத்தை வேறு யாராவது எழுதட்டும். எனக்கு இப்போது எழுத வருவது செவிக்குத்தைப் பற்றி மட்டும். படித்துவிட்டு நீங்கள் என்னை ஏசினால் அது நியாயம்தான்.

2

நான் ஈப்போவுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் கிராணி. கிராணி என்றால் குமாஸ்தா. விடிவதற்குள் தொழிலாளர்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவது என் முதல் வேலை. அதற்குப் பெரட்டு என்று பெயர். ஒரு பெயர் விடாமல் கூப்பிடுவேன், எல்லோரும் பதில் சொல்வார்கள். ஊரில் என்னை யாரும் ஒரு பொருட்டாக மதித்ததில்லை. இங்கே காக்கிக் கால்சட்டை போட்டுக்கொண்டு பெயர் கூப்பிட ஆரம்பித்ததும் எனக்கே என்மேல் ஒரு மதிப்பு வந்துவிட்டது. வினை அங்கேதான் தொடங்கியது என்று இப்போது நினைக்கிறேன்.

நாற்பத்தேழில் நான் கப்பலேறியபோது நாகு கைக்குழந்தை. மனைவி பகவதியும் அவளும் வடசேரியில் இருந்தார்கள். ஐம்பத்தொன்றில் ஆறு மாத லீவு கிடைத்து ஊருக்குப் போனேன்.

மலாயாவிலிருந்து திரும்புகிறவன் பெட்டியில் மாற்றுத்துணி இருக்கிறதோ இல்லையோ, தைலம் இருக்க வேண்டும். விரல் நீளப் பாட்டிலில், பச்சை நிறத்தில், மூடியைத் திறந்தால் கண்ணில் நீர் வருமே, அதுதான். நான் இரண்டு டஜன் கொண்டு போயிருந்தேன். பெட்டியைத் திறந்த அன்றே தெரு முழுக்க வந்துவிட்டது. எதிர்வீட்டுக் கோலப்பண்ணன் வடசேரிச் சந்தையில் வாழைக்குலை வியாபாரம் செய்கிறவர். அவர் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இது எதுக்குள்ள மருந்தாக்கும், மக்கா?"

"எதுக்குன்னு கேக்காதீங்க அண்ணாச்சி. எதுக்கு ஆவாதுன்னு கேளுங்க. தலைவலி, பல்லுவலி, இடுப்புப் பிடிப்பு, தேளு கொட்டு, எல்லாம் ஒரு சொட்டுல நிக்கும். அங்க வெள்ளைக்காரத் தொரையே இதத்தான் தேய்க்கான்."

துரை அதைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. ஆனால் கூடியிருந்தவர்கள் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தச் சுகத்தில் என் வாய்க்குப் பூட்டு இல்லாமல் போயிற்று.

3

நான் போவதற்கு நாலு மாதம் முன்பு நாகுவுக்கு மணல்வாரி அம்மை போட்டிருந்தது. அம்மை இறங்கியதும் இடது செவியில் குத்து வந்தது. பிள்ளை இரண்டு நாள் சுவரில் தலையை முட்டி அழுததாம். பகவதி முதலில் உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தாள். பிறகு யாரோ சொன்னார்கள் என்று பழுத்த எருக்கிலையில் நெய் தடவி, தணலில் வாட்டி, சாறு பிழிந்து விட்டாள். மூன்றாம் நாள் சீழ் உடைந்து ஒழுகியது. வலி போயிற்று, ஒழுக்கு நிற்கவில்லை. அப்புறம்தான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

அங்கே இருந்த டாக்டர் மலையாளக்காரர், நிதானமான மனுஷன். செவிப்பறையில் சின்ன ஓட்டை விழுந்திருக்கிறது, ஈரம் படாமல் பார்த்துக்கொண்டால் தானாக மூடிக்கொள்ளும் என்றாராம். அவர் சொன்னதைப் பகவதி அவர் குரலிலேயே எனக்குச் சொல்லிக் காட்டினாள். "ஒண்ணும் ஒழிக்கண்டா, கேட்டோ? எண்ணெய் வேண்டா, பால் வேண்டா, பச்சிலை வேண்டா." ஒழிக்கண்டா என்றால் ஊற்ற வேண்டாம்.

அவள் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். தென்னை ஈர்க்கில் பஞ்சைச் சுற்றித் திரி செய்வாள். ஈர்க்கின் நுனியைத் தாண்டிப் பஞ்சு கொஞ்சம் நீண்டு, பூப்போல இருக்க வேண்டும். அப்போதுதான் உள்ளே குத்தாது. பிள்ளையை மடியில் சாய்த்து, மடலைப் பைய மேலே இழுத்து, திரியை வைத்துச் சீழை ஒற்றி எடுப்பாள். ஈரம் இல்லாமல் வரும்வரை ஐந்தாறு திரி மாற்றுவாள். தினம் மூன்று வேளை. வாரம் இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் காட்டி வருவாள். நான் போய்ச் சேர்ந்தபோது ஒழுக்கு பாதிக்குமேல் குறைந்திருந்தது. இன்னும் ஒரு மாதம் பொறுத்திருந்தால் மூடியிருக்கும்.

பொறுக்க எனக்கு முடியவில்லை. மலாயாக்காரன் பெண்டாட்டி தர்ம ஆஸ்பத்திரி வரிசையில் குத்தவைத்து உட்காருவது எனக்குக் குறைச்சலாக இருந்தது. நாலு வருஷம் கழித்துப் பார்க்கிற பிள்ளையை அணைத்து முத்தம் கொடுக்கப் போனால் செவியிலிருந்து ஒரு நாற்றம் வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

ஒருநாள் காலையில் கோலப்பண்ணன் வாசலில் நின்று, பத்துப்பேர் கேட்கும்படி சிரித்தார்.

"ஏ மக்கா, ஊருக்கெல்லாம் சர்வரோக நிவாரணி கொண்டாந்திய. ஒம் பிள்ளைக்க செவிக்கு மட்டும் அது ஆவாதோ?"

அவர் மனதில் கள்ளம் இல்லை. கேலிக்குச் சொன்னார். எனக்கு மட்டும் நடுத்தெருவில் வேட்டி அவிழ்ந்ததுபோல ஆகிவிட்டது. உள்ளே வந்து பகவதியிடம், "இண்ணைக்குத் தைலம் விட்டுப் பாப்போம்" என்றேன்.

"வேண்டாம் அத்தான். டாக்டரு ஒண்ணும் ஊத்தாண்டாம்னு சொல்லிருக்காரு."

"அவருக்கு இந்த மருந்தெல்லாம் எங்க தெரியும்? அவரு கப்பலு ஏறுனதுண்டா?"

"கப்பலு ஏறுனா செவி சொகமாவுமா? குறைஞ்சுகிட்டு வருகுல்லா. பொறுத்துக்கிடுங்க அத்தான், ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

அவள் சந்தைக்குப் போனாள். நான் நாகுவைக் கூப்பிட்டேன். "இஞ்ச வா மக்ளே, அப்பா ஒரு மருந்து விடுகேன். குளுகுளுன்னு இருக்கும்." ஓடி வந்து, நான் சொல்லாமலே என் மடியில் தலையைச் சாய்த்து, செவியைக் காட்டிக்கொண்டு படுத்தாள். தினமும் அம்மா மடியில் படுத்துப் பழக்கம். மூன்று சொட்டு விட்டேன்.

அவள் போட்ட சத்தத்தைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

4

இரண்டு நாள் வாந்தி எடுத்தாள். நடந்தால் இடது பக்கமாகச் சாய்ந்து விழுந்தாள். பிறகு எழுந்துவிட்டாள். ஒழுக்கும் வற்றிப்போயிற்று. நான் என்ன செய்தேன் தெரியுமா? எதிர்வீட்டுக்குப் போய், "பாத்தீங்களா அண்ணாச்சி, ஒரே நாளுல நிண்ணு போச்சு" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஒரு மத்தியானம் வலது பக்கம் ஒருக்களித்து, நல்ல செவி பாயில் அழுந்தப் படுத்திருந்தவளைப் பகவதி சோறு தின்னக் கூப்பிட்டாள். கண் திறந்துதான் இருந்தது, கூரையில் ஓடிய அணிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு தடவை கூப்பிட்டும் திரும்பவில்லை. பகவதி கையிலிருந்த அகப்பையைக் கீழே போட்டாள். அந்தச் சத்தத்துக்கும் திரும்பவில்லை. பகவதி என்னைப் பார்த்தாள். இன்றுவரை அதைப்பற்றி அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. திட்டித் தீர்த்திருந்தால் எனக்குக் கொஞ்சம் பாரம் இறங்கியிருக்கும்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அதே மலையாள டாக்டர் தைலப் பாட்டிலை வாங்கி மோந்து பார்த்தார். ஓட்டை வழியாக அது உள்செவிக்குப் போய்விட்டது, இனி இந்தச் செவிக்கு ஒன்றும் செய்வதற்கில்லை, மற்றதையாவது கண்ணைப்போலப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். கோபப்படவில்லை. அடுத்த பிள்ளையை உள்ளே கூப்பிட்டார்.

5

இனி என் இரண்டாவது கெட்டிக்காரத்தனம்.

குடும்பத்தை இங்கே கொண்டுவர ஐம்பத்திரண்டில் மனுப் போட்டேன். முதல் மனு திரும்பி வந்தது. என் பழைய காகிதத்தில் திருவிதாங்கூர் என்றிருந்தது, புதியதில் திருவிதாங்கூர்-கொச்சி என்றிருந்தது. இரண்டும் ஒரே ஊர்தான் என்று நிரூபிக்கச் சொன்னார்கள். என் ஊர் நகரவில்லை, பெயர்தான் நகர்ந்தது என்று எழுதிக் கொடுத்தேன். அதற்கு ஒரு சாட்சிப் பத்திரம், சாட்சி சொன்னவருக்கு ஒரு சாட்சிப் பத்திரம் என்று எட்டு மாதம் போயிற்று.

அந்த மனுவில் ஒரு கேள்வி இருந்தது. அழைத்து வரப்படுவோருக்கு உடற்குறை ஏதேனும் உண்டா? கப்பல் டிக்கெட் வாங்கித் தருகிற ஆள் ஒருவன் அதில் விரலை வைத்து, "உண்டுன்னு எழுதினா பினாங்குல இறக்க மாட்டான், அதே கப்பல்ல திருப்பிடுவான்" என்றான். அவனுக்கு அது எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

எழுதினால் போதாதே, பிள்ளை அப்படி நடக்க வேண்டும். அழைத்து வர ஊருக்குப் போனபோது, புறப்படுமுன் வீட்டில் ஒத்திகை நடத்தினேன். யாராவது எதிரே வந்து பேசினால் வலது பக்கம் லேசாகத் திரும்ப வேண்டும். விளங்காவிட்டால் சிரிக்க வேண்டும். என்ன என்று கேட்கவே கூடாது.

"செவியப் பத்தி ஒருத்தருக்கிட்டயும் மூச்சு விடப்பிடாது மக்ளே. நொந்தாலும் சொல்லப்பிடாது. சொன்னா அம்மையையும் ஒன்னையும் திருப்பி அனுப்பிருவாவ. அப்பா தனியாக் கெடக்கணும்."

"சரிப்பா. நான் சொல்ல மாட்டேன்."

பினாங்கில் இறங்குமுன் நடந்த சோதனையில் அவள் பிரமாதமாகச் செய்தாள். வெள்ளை உடுப்புக்காரர் ஏதோ கேட்டார், அவள் தலையைச் சாய்த்துச் சிரித்தாள். அவரும் சிரித்து முத்திரை குத்தினார். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

6

இங்கே வந்தபின் வீட்டில் மூன்று பாஷையாயிற்று. தோட்டத்தில் இருப்பவர்கள் சேலம், தஞ்சாவூர்ப் பக்கத்து ஆட்கள். நாம் பேசுவதைப் பாட்டுப் பாடுகிறோம் என்பார்கள். நாகு ஒருநாள் செவி என்று சொன்னதற்குப் பிள்ளைகள் மலையாளத்தாள் என்று சிரித்தார்கள். மறுநாளிலிருந்து காது என்றாள். டவுன் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபின் அதுவும் போய் இங்கிலீஷ் வந்தது. பகவதியிடம் மட்டும் நம் பேச்சு. என்னிடம் எந்தப் பேச்சும் அதிகம் இல்லை. கேட்டதற்குப் பதில் சொல்வாள், மரியாதையாகச் சொல்வாள். என் கை அவள் தலைப்பக்கம் போனால் மட்டும் தோள் ஒரு தரம் துள்ளும். துள்ளியதற்கு வெட்கப்பட்டு அவளே சிரிப்பாள்.

பிள்ளை வளர்ந்தால் அப்படித்தான், இந்த நாட்டுக் காற்று அப்படி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு இந்தப் பதில் ரொம்ப வசதி. எது கெட்டாலும் நாட்டின்மேல் போட்டுவிடலாம்.

7

இந்த மாதம் ஆரம்பத்தில் அவளுக்குச் சளி பிடித்தது. இரண்டு நாளில் விட்டுவிட்டது. சாப்பாடு மட்டும் குறைந்தது. மெல்லும்போது முகத்தைச் சுளித்தாள். பல்லா என்று பகவதி கேட்டதற்கு ஆமாம் என்றாளாம். வலது செவியில் குத்து என்று யாருக்கும் தெரியாது. தலையணையைக் கிழித்துப் பஞ்செடுத்து, அம்மா செய்வதைப் பார்த்த நினைவில் தானே திரி முறுக்கி, பள்ளிக்கூடத்துக் கக்கூசில் உட்கார்ந்து ஒற்றியிருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் ஈர்க்கு ஏது? பென்சில் நுனியில் சுற்றியிருக்கிறாள்.

கூப்பிட்டால் எழுந்திருப்பதில்லை என்று முதலில் கண்டுபிடித்தவள் அவளுடைய சீன டீச்சர். சீட்டு எழுதி அனுப்பினாள். துரையிடம் லீவு கேட்டு, ரோட்டில் கலகக்காரர்களைத் தேடிச் சிப்பாய்கள் லாரியை மறித்து அடையாள அட்டை பார்க்கிற வரிசையில் நின்று, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம்.

டாக்டர் உரக்கக் கேட்டார். எத்தனை நாளாக வலி? அவள் என் முகத்தைப் பார்த்தாள். சொல்லலாமா என்று உத்தரவு கேட்கிற பார்வை அது. நான் தலையசைத்தேன். பன்னிரண்டு நாள் என்று விரலால் காட்டினாள்.

"எங்கிட்ட ஏம் மக்ளே சொல்லல?" என்று கத்தினேன். கத்தினால்தான் அவளுக்கு எட்டுகிறது. வராந்தாவில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நீங்கதான சொல்லப்பிடாதுன்னு சொன்னீங்க. அம்மைய அனுப்பிருவாங்கல்லா?" என்றாள். பிறகு குரலைத் தணித்தாள், தணித்ததாக அவளுக்கு நினைப்பு. "சொன்னா நீங்க மருந்து ஊத்துவீங்கன்னு பயந்தேன்."

டாக்டர் என்னை உட்காரச் சொன்னார். இடது செவிக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன், மனுவில் எழுதிய பொய்யையும் சேர்த்து. ஒரு செவி மந்தம் என்பதற்காக இந்த நாட்டில் யாரும் ஒரு பிள்ளையைத் திருப்பி அனுப்பியதாகத் தான் கேள்விப்பட்டதில்லை என்றார். முதல் இரண்டு நாளில் கொண்டுவந்திருந்தால் ஊசியில் அடங்கியிருக்கும், இப்போது சீழ் எலும்புவரை போயிருக்கிறது, பின்பக்கம் அறுத்து எடுக்கிறோம், கேட்கும் சக்தி எவ்வளவு மிஞ்சும் என்று சொல்ல முடியாது என்றார். நான் வெளியே வந்து மைத்துனன் கடிதத்தைப் படித்தது அப்போதுதான். மிட்டாய், வெடி என்று திரும்பத் திரும்பப் படித்தேன். கையில் இருந்தது அது ஒன்றுதான்.

ஒரு செவியை ஊற்றிக் கெடுத்தேன். மற்றதை நான் தொடவே இல்லை. அதுவும் என்னால்தான் போகிறது. ஊரில் பிள்ளை வைத்திருக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். உப்பு ஒத்தடம் கொடுங்கள், வெளியே என்ன வேண்டுமானாலும் தடவுங்கள், உள்ளே எதையும் விடாமல் டாக்டரிடம் ஓடுங்கள். அது எளிது. அதைவிடக் கஷ்டமானது, நொந்தால் உங்களிடம் வந்து சொல்கிற மாதிரி நீங்கள் இருப்பது. அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியாது.

8

அறுத்துக் கட்டுப் போட்டு, நேற்று வீட்டுக்கு அனுப்பினார்கள். இப்போது அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை, எப்போதாவது திரும்பலாம் என்கிறார்கள். அப்படிச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் சொல்கிறார்கள். அவள் பேச்சு இப்போது உரத்துவிட்டது, தன் குரல் தனக்கு எட்டாததால்.

இன்று மத்தியானம் ஆபீசிலிருந்து சாப்பிட வந்தேன். அறையில் பகவதி பாயில் சுவரோரமாக உட்கார்ந்து திரி மாற்றிக்கொண்டிருந்தாள். நாகு அவள் மடியில் தலை வைத்து, எனக்கு முதுகைக் காட்டிப் படுத்திருந்தாள். நான் நிலைப்படியில் நின்றேன். என் நிழல் சுவரில் விழுந்ததோ, பகவதியின் கை ஒரு கணம் நின்றதோ, எதைக் கண்டாளோ தெரியாது. நாகு உடம்பெல்லாம் விறைத்து, இரண்டு கையாலும் செவியைப் பொத்திக்கொண்டாள்.

"அம்மா, அப்பா போயாச்சா?" என்று வீடு அதிரக் கேட்டாள்.

"நான் ஒண்ணும் செய்ய மாட்டேன் மக்ளே, சும்ம நிக்கேன்" என்றேன். சொல்லி என்ன?

பகவதி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு நாகுவின் கன்னத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, உதடு தெரியும்படி நிறுத்திச் சொன்னாள்.

"போயாச்சு மக்ளே."

நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, பலகைப் படியில் சத்தம் வராமல் அடிமேல் அடி வைத்து இறங்கினேன். சத்தம் வந்தாலும் அவளுக்குக் கேட்காது என்பது பாதிப் படியில்தான் நினைவுக்கு வந்தது.